சிவகாமசுந்தரியின் வெறுங்கோப்பி

சிவகாமசுந்தரிக்கும் எனக்கும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, 'ராஜரத்தினம் ஏன் இந்த அம்மாளைப் பற்றி எழுதும்போது மட்டும் பல்லைக் கடிக்கிறான்' என்று யாரும் கேட்க வேண்டாம்.

நான் மலாக்காவில், காஜா பெராங் பக்கம் ஒரு சின்னக் கிளினிக்கில் பதினேழு வருஷம் டிரெஸ்ஸராக இருந்தவன். டிரெஸ்ஸர் என்றால் அந்தக் காலத்தில் முக்கால் டாக்டர். உண்மையான டாக்டர் ஒரு வெள்ளைக்காரர். செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். மற்ற நாளெல்லாம் ஊசி, மருந்து, கட்டு, திட்டு எல்லாம் நான்தான். திட்டில் எனக்கு ஊருக்குள் நல்ல பெயர் இருந்தது.

சிவகாமசுந்தரி தபால்காரர் நல்லையாவின் மனைவி. ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்துப் பள்ளியில் நாலாவது வரை படித்தவள். பதினாறு வயதில் கங்காணி மலேரியாவுக்கான கொய்னா மாத்திரையை நீட்டியபோது, "மொதல்ல நீங்க முழுங்குங்க, நான் பாக்கறேன்" என்று சொன்னவளாம். கங்காணி முழுங்கினாராம். இதை நல்லையா பெருமையாகச் சொல்வார். அவர் அதற்கு நேர்மாறு. கடிதம் கொடுக்கும்போதுகூட மன்னிப்புக் கேட்பதுபோல் கொடுக்கிற மனுஷன்.

1957ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் அவள்தான் அவரை இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் எதற்கும் தானாக வருகிறவர் இல்லை.

"குளியலறைக் காவாயில எறும்பு மொய்க்குது ஐயா. நானும் இவரும் மட்டுந்தான் வீட்டுல இருக்கோம். என் பக்கம் ஒண்ணும் இல்ல. இவருக்குத்தான் என்னாமோ இருக்கு."

அவள் சொன்னது சரி. நீரிழிவு. அப்போது எங்களிடம் இருந்த சோதனை சுலபமானது. பெனடிக்ட் மருந்து என்று ஒரு நீலத் திரவம். சோதனைக் குழாயில் அதைக் கொஞ்சம் எடுத்து, நோயாளியின் சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் சீனி இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் என்றால் கூடுதல். செங்கல் நிறத்தில் அடியில் படிந்தால் ஆபத்து. நல்லையாவுடையது பழைய டச்சுக் கட்டடத்துச் சுவர் மாதிரி சிவந்து நின்றது.

இன்சுலின் ஊசி தொடங்கினேன். சோற்றைக் குறைத்தேன். சீனியை அடியோடு நிறுத்தச் சொன்னேன். அப்போது நல்லையா தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, கோப்பி?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. சைக்கிளில் காஜா பெராங், புக்கிட் பாரு, பாதி நாள் உஜோங் பாசிர் வரை போகிறவர். எந்த வீட்டில் கடிதம் கொடுத்தாலும் ஒரு குவளை கோப்பியை நீட்டுவார்கள். வேண்டாம் என்றால் முகம் சுருங்கிவிடும். ஒரு நாளைக்கு ஏழு, எட்டுக் குவளை.

"கோசோங் குடி. ஒன்றும் ஆகாது" என்றேன். கோசோங் என்றால் வெறுமை. பாலும் சீனியும் போடாத கறுப்புக் கோப்பி. நானும் அதைத்தான் குடித்தேன். இனிப்பைத் துறந்தவன் என்று எனக்குள் ஒரு மிதப்பும் உண்டு.

நல்லையா சொன்ன சொல் தவறாதவர். அன்று முதல் எல்லா வீட்டிலும் "கோசோங்" என்றுதான் கேட்டுக் குடித்தார். சீன முதலாளி, தவுக்கே என்பார்கள், அவர் வீட்டில், மலாய்க்காரப் பள்ளி ஆசிரியர் வீட்டில், மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் செட்டிக் கம்பத்தில், எல்லாரும் அவருக்கு நோய் என்று தெரிந்து தனியாகப் போட்டுக் கொடுத்தார்கள்.

ஆனால் வாரா வாரம் குழாய் சிவந்தது. ஊசியின் அளவைக் கூட்டினேன். சிவந்தது. ஜூன் மாதத்தில் சப்பாத்து கடித்து, வலது கால் சுண்டுவிரலில் ஒரு புண் வந்தது. புண் ஆறாமல் கறுத்து, பக்கத்துத் தோலுக்கும் ஏறியது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் கையால் ஊசி போட்டு ஒருவன் குணமாகவில்லை என்றால் அவன் பொய் சொல்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றும். அன்றைக்கு நான் அப்படிப்பட்ட ஆள்.

"எங்கேயோ ஒளிந்து இனிப்புத் தின்கிறாய். கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது" என்றேன், வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க.

நல்லையா தலையைக் குனிந்துகொண்டார். சிவகாமசுந்தரி குனியவில்லை.

"இவரு பொய் சொல்ல மாட்டாரு. சொல்லவும் தெரியாது. பொய் சொல்லத் தெரிஞ்சிருந்தா இந்நேரம் ஹெட் போஸ்ட்மேன் ஆயிருப்பாரு."

நல்லையாவின் நோய் அட்டையை எடுத்தேன். ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். 'நோயாளி உண்மை பேசுபவர் அல்லர். மறைவாகச் சீனி உண்கிறார்.' கீழே என் கையெழுத்து. அதோடு விடாமல், "இனி கோப்பியே கூடாது. கோப்பி இரத்தத்தைச் சுண்ட வைக்கும், நெஞ்சைப் படபடக்க வைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும்" என்று ஒரு பிரசங்கமும் செய்தேன்.

"எந்தப் புத்தகத்துல, எத்தனாவது பக்கத்துல இருக்கு ஐயா?" என்று கேட்டாள்.

எனக்குப் பக்கம் தெரியாது. புத்தகமும் தெரியாது. என் அப்பா சொன்னது அது.

"எங்க ஆளுங்கள இந்த மண்ணுக்கு மொதல்ல கொண்டாந்ததே கோப்பிக்குத்தான். ரப்பரு அப்பறம் வந்தது. எங்கப்பாரு சின்ன வயசுல கோப்பிச் செடிக்குக் களை வெட்டுனவரு. வெல உழுந்ததும் அவரு கையாலயே புடுங்கிப் போட்டு ரப்பரு நட்டாரு. அந்தக் கோப்பியில ஒரு வாயி அவருக்குக் குடுக்கல. ஜப்பான்காரன் காலத்துல நாங்க மரவள்ளிக் கெழங்க வறுத்துப் பொடிச்சு, கோப்பின்னு சொல்லிக் குடிச்சோம். இப்ப காசு குடுத்து வாங்கிக் குடிக்கிற காலம் வந்திருக்கு, நீங்க நிறுத்துங்கறீங்க. காரணத்தச் சொல்லுங்க, நிறுத்தறேன்."

"காரணம் உன் புருஷன் காலில் இருக்கிறது. போ" என்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டர் வந்தார். புண்ணைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். என் வரியில் அவர் விரல் நின்றது. சொன்னதைக் கேட்காத ஆளை நம்பிக் காத்திருக்க முடியாது, அடுத்த செவ்வாய் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். நல்லையா தன் காலைப் பார்த்தபடி, "அப்ப சைக்கிள் ஓட்ட முடியாதுங்களா?" என்று மட்டும் கேட்டார். தபால்காரனுக்குக் கால் போனால் வேலை போகும். வேலை போனால் தபால் இலாகா கொடுத்த வீடும் போகும்.

அந்த ஒரு வாரத்தில் சிவகாமசுந்தரி என்ன செய்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்குப் போனவள் பின்கட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அழுது முடித்து நிமிர்ந்தபோது, கொடியில் கோப்பி வடிகட்டும் துணிப்பை தொங்கியது. கம்பி வளையத்தில் தைத்த, காலுறை போன்ற பை. அதில் எறும்பு. அடுத்தடுத்து வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு மாதமாக அந்த வீட்டில் சீனி கிடையாது. டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். பிறகு வெறும் கோப்பிச் சக்கைக்கு எறும்பு ஏன் வருகிறது?

அவள் என்னைவிட எறும்பை நம்பினாள். புருஷனுக்கு நோய் என்று முதலில் சொன்னதே எறும்புதானே. கடைத் தூளைக் கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்த்தாள். கசப்புக்கு அடியில் கருகிய வெல்லத்தின் ருசி.

ஆற்றோரத்தில் கோப்பி வறுக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. நேராக அங்கே போய் நின்றாள். பெரிய இரும்புச் சட்டியில் கொட்டை வறுபட்டுக்கொண்டிருந்தது. கொட்டை கறுக்கும் சமயத்தில் ஒருவன் வாளி நிறையச் சீனியைக் கொட்டினான். பிறகு மார்ஜரின். எல்லாம் உருகிக் கொட்டையின்மேல் தார்போல் ஒட்டியது. அதை ஆறவைத்து உடைத்துப் பொடி செய்தார்கள். கொட்டகைத் தவுக்கே எதையும் மறைக்கவில்லை. மறைக்க அதில் ஒன்றும் இல்லை. மலாயா முழுக்க அப்படித்தான் வறுக்கிறார்கள், சீனி போடாவிட்டால் கறுப்பும் வராது மணமும் வராது, யார் வாங்குவார்கள் என்று அவளிடமே கேட்டார்.

ஊரே அறிந்த விஷயம். நானும் அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் தினமும் சைக்கிளில் போனேன். வெந்த சீனியின் மணத்தை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டு போய், 'எனக்குச் சீனி வேண்டாம், கோசோங்' என்று குடித்தேன். குவளையில் போடுகிற ஒரு கரண்டிச் சீனிக்குப் பயந்தேன். தூளிலேயே ஏறிவிட்டதை நினைக்கவில்லை. நான் மட்டுமில்லை, ஊரில் ஒருவரும் நினைக்கவில்லை.

சீனி போடாமல் வறுத்த கோப்பி கடையில் கிடைக்காது. அவள் பக்கத்துச் செட்டிக் கம்பத்துக்குப் போனாள். அங்கே பாக்கியம் என்று ஒரு செட்டிக் கிழவி. பெயர்தான் தமிழ், பேச்செல்லாம் மலாய். மலாக்காச் செட்டிகள் அப்படித்தான். அவள் வீட்டுக் கொல்லையில் ஒரு பெரிய கோப்பி மரம். அந்த வீட்டு வழக்கப்படி, முன்னோருக்கு இலை போட்டுப் படைக்கும் பர்ச்சு நாளில் அந்த மரத்துக் கோப்பியைத்தான் வைப்பார்கள். அந்த வருஷத்துப் பர்ச்சுக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. காயவைத்துத் தோல் நீக்கிய கொட்டை ஒரு பிஸ்கட் டின் நிறையத் தயாராக இருந்தது.

சிவகாமசுந்தரி தனக்குத் தெரிந்த மலாயில் காலைப் பற்றிச் சொன்னாள். பாக்கியம் டின்னைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாளாம்.

"அம்பில் லா." எடுத்துக்கொள் என்று அர்த்தம். செத்தவர்கள் காத்திருப்பார்கள், கால் காத்திருக்காது என்றும் மலாயில் சொன்னாளாம்.

வெள்ளிக்கிழமை காலை, கிளினிக் நிரம்பி வழிகிற நேரம். சிவகாமசுந்தரி உள்ளே வந்தாள். கையில் ஒரு கூடை. வரிசையை ஒரு பார்வை பார்த்தாள். வழி விட்டுவிட்டார்கள். என் மேசைமேல் இரண்டு கண்ணாடிக் குவளைகளை வைத்துப் பச்சைத் தண்ணீர் ஊற்றினாள்.

"இது கடத் தூளு. இது நான் வறுத்தது. பாருங்க."

ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை தூவினாள். அவள் தூள் தண்ணீர்மேல் மிதந்தது. கடைத்தூள் நேராக மூழ்கி, போகிற வழியெல்லாம் பழுப்புக் கோடு இழுத்தது. பச்சைத் தண்ணீரிலேயே சாயம் இறங்கியது.

"அதனால் என்ன?" என்றேன். குரலை உயர்த்தித்தான் சொன்னேன்.

"ஒங்க நீல மருந்து என்னாத்தக் காட்டும் ஐயா?"

"சீனியை."

"மூத்திரத்துல இருக்கற சீனிய மட்டுந்தானா?"

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. குழாயை நான் தொடவில்லை. நர்ஸ் இந்திராதான், கேட்காமலேயே ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தாள். அவளுக்கு என்மேல் பழைய கணக்கு ஏதோ இருந்திருக்க வேண்டும்.

"அந்தா ஒங்க மேசையில இருக்கே, நீங்க குடிக்கிற கோசோங். அதுல எட்டுச் சொட்டு எடுங்க."

என் குவளை. தெருவோர ஒட்டுக்கடையிலிருந்து காலையில் வந்தது, பாதி குடித்து வைத்தது. இந்திரா எட்டுச் சொட்டு எடுத்து நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினாள். வெள்ளைச் சீனியை அந்த மருந்து அப்படியே காட்டாது. தீயில் வெந்து உடைந்த சீனியைக் காட்டும். இதை அவளிடம் சொல்லிக் குழப்பலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நினைப்பதற்குள் குழாய் கலங்கி, பச்சையாகி, மஞ்சளாகி, அடியில் செங்கல் நிறத்தில் படிந்துவிட்டது.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். "டிரெஸ்ஸர் ஐயாவுக்கும் சீனி வியாதி லா" என்றார்கள்.

அவள் சிரிக்கவில்லை. கூடையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்க்கை எடுத்தாள். அவள் போட்ட கோப்பி. அதிலும் எட்டுச் சொட்டு. காய்ந்தது, கலங்கியது, மங்கலான பச்சையோடு நின்றுவிட்டது. சிவப்பு வரவில்லை.

பிளாஸ்க்கைத் திறந்தபோது ஒரு மணம் வந்தது. கருகிய வாசனை இல்லை. பழுத்த பலாவின் வாசனை போல, நடுவில் ஈரமண் போல ஏதோ ஒன்று. எப்படி வறுத்தாய் என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். சொன்னாள். அடிகனத்த சட்டியில், கரி நெருப்பில், இரண்டு கைப்பிடிக்கு மேல் போடாமல், கை ஓயாமல் கிளற வேண்டும். கொட்டை படபடவென்று வெடித்து ஓய்ந்ததும் உடனே முறத்தில் கொட்டி விசிற வேண்டும்; சட்டியிலேயே விட்டால் சூட்டிலேயே கருகும். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே இடிக்க வேண்டும். தண்ணீர் கொதித்ததும் இறக்கி, கொதி அடங்கிய பிறகு பையில் ஊற்ற வேண்டும். ஊற்றிய பையைக் கிண்டக் கூடாது, பிழியக் கூடாது.

"எனக்குக் கொஞ்சம் ஊற்று, பார்ப்போம்" என்று என் குவளையைக் கவிழ்த்துவிட்டு நீட்டினேன்.

பிளாஸ்க்கை மூடிக் கூடைக்குள் வைத்துவிட்டாள்.

"அட்டையில எழுதுனத அடிங்க. அப்பறம் ஊத்தறேன்."

"அரசாங்க அட்டையில் கிறுக்க முடியாது."

"கிறுக்கித்தானே வச்சிருக்கீங்க."

நான் அடிக்கவில்லை. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் நானே பேசினேன். சீனி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்திருக்கிறோம், மூன்று வாரம் கொடுங்கள் என்றேன். கண்டுபிடித்திருக்கிறோம் என்றேன், யார் என்று சொல்லவில்லை. அட்டையில் பழைய வரிக்குக் கீழே, 'உணவு இப்போது கட்டுப்பாட்டில்' என்று நைசாக ஒன்று சேர்த்தேன். மேலே இருந்தது மேலேயே இருந்தது.

நல்லையா படுத்த படுக்கையில் இருந்தபடியே அவள் கோப்பியை நாளைக்கு இரண்டு குவளை குடித்தார். முதல் வாரம் குழாய் மஞ்சள். இரண்டாம் வாரம் பச்சை. மூன்றாவது வாரத்தில் நீலத்தை எட்டிப் பார்த்தது. புண் சிவந்து, சதை பிடித்தது. சுண்டுவிரலை மட்டும் எடுத்தார்கள். கால் நின்றது.

கோப்பித்தூள் ஒன்றுதான் காரணம் என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. அவர் சைக்கிளில் போகவில்லை, வீட்டுக்கு வீடு கிடைத்த வறுவல், பிஸ்கட் இல்லை, ஊசி நேரம் தவறவில்லை, பென்சிலின் போட்டோம். எல்லாம் சேர்ந்திருக்கும். கோப்பி நல்லதா கெட்டதா என்று அதற்குப் பிறகு நிறையப் படித்தேன். இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறார்கள். நெஞ்சு படபடக்கிறவர் குறைக்க வேண்டும், தூக்கம் வராதவர் மாலையில் விட வேண்டும், அவ்வளவுதான் நான் இப்போது சொல்வது. பக்க எண்ணும் சொல்வேன். ஆனால் நல்லையா பொய் சொல்லவில்லை என்பது அந்த வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும். தெரிந்தும் அடிக்கவில்லை. அதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது.

ஆகஸ்டு கடைசியில் சுதந்திரம் வந்தது. ஊரெல்லாம் கொடி, விளக்கு. அடுத்த வாரம் கிளினிக் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. நல்லையா. காக்கிச் சட்டை, தோள்பை, வலது கால் சப்பாத்தில் சுண்டுவிரல் பக்கம் பஞ்சு வைத்து அடைத்திருந்தார். கொஞ்சம் சாய்ந்து நடந்தார். ஆனால் நடந்தார்.

"தபால் ஐயா. புதுத் தபால்தலை ஒட்டுனது" என்று இரண்டு கையாலும் கொடுத்தார். புது நாட்டின் பெயர் போட்ட தபால்தலை. அந்தத் தபால்தலையோடு என் பெயருக்கு வந்த முதல் கடிதம் அது.

உறையைப் பிரித்தேன். கோடு போட்ட தாளில், நாலாவது வகுப்புக் கையெழுத்தில் இரண்டே வரி.

'கால் பிழைத்துவிட்டது. அவர் சொன்ன சொல் இன்னும் உங்கள் அட்டையில் செத்துக் கிடக்கிறது.'

கையெழுத்துப் போட்டிருந்தாள். முழுப் பெயர்.

உறைமேல் முகவரி வேறு யாரோ எழுதியது; உள்ளே இருப்பது யார் கடிதம் என்று நல்லையாவுக்குத் தெரியவில்லை. தன் மனைவி எழுதியதைத் தானே சுமந்து வந்திருக்கிறார். பிரித்துப் பார்க்கிற ஆளில்லை அவர். "பதில் இருக்குங்களா?" என்று வாசலிலேயே நின்றார்.

எனக்குக் கண் கலங்கியது. அதை ஏன் மறைக்க வேண்டும்? அலமாரியிலிருந்து அட்டையை எடுத்தேன். அந்த வரியின்மேல் பேனாவை அழுத்திக் கோடு போட்டேன், தாள் கிழிகிற அளவுக்கு. பக்கத்தில், 'நோயாளி உண்மை சொன்னார். டிரெஸ்ஸர் விசாரிக்காமல் எழுதினார்' என்று ஆங்கிலத்தில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். இந்திராவைக் கூப்பிட்டு, வரிசை கேட்க உரக்கப் படிக்கச் சொன்னேன். முன்பு வரிசை பார்க்கத்தானே திட்டினேன். அவள் ஒருமுறை ஆங்கிலத்திலும் ஒருமுறை தமிழிலும் படித்தாள். நல்லையா அப்போதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"பதில் இதுதான். வீட்டில் சொல்லுங்கள்" என்றேன். வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்கு 'ங்கள்' போட்டேன்.

மறுநாள் காலை சிவகாமசுந்தரி வந்தாள். அட்டையைக் கேட்டு வாங்கி, கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். ஆங்கிலம் தெரியாது, கோடு தெரியும். பிறகு கூடையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து, என் குவளையைத் தண்ணீரில் அலம்பி, விளிம்புவரை ஊற்றினாள்.

"இப்ப குடிங்க."

சீனி இல்லாத கோப்பியின் ருசி எனக்கு அன்றுதான் தெரிந்தது. நன்றாகக் கசந்தது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரே நின்றாள். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் குவளையைக் கீழே வைத்தேன்.